ஓகே ஆகாத பாட்டு

மறைந்த இசைக் கலைஞர்களின் முடிவடையாத படைப்புகள் பற்றி, கொரட்டூர் வட்டார மெல்லிசைக் கலைஞர்களாகிய எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு

ஒரு கலைஞர் முடிக்காமல் விட்டுப்போன இசையை அவர் மறைவுக்குப் பின் வெளியிடலாமா? எங்கள் சங்கத்தின் பதில்: அவரே எழுத்தில் அனுமதி தந்திருந்தால் ஒழிய, கூடாது. அவர் முடித்து, 'ஓகே' சொல்லிவிட்டுப் போன பாட்டு எப்போது வேண்டுமானாலும் வெளிவரட்டும். முதல் ஆளாக நாங்கள் கேட்போம். முடிக்காமல் விட்டதை இன்னொருவர் கை வைத்து முடித்து, இறந்தவர் பெயரைப் போட்டு விற்பதைத்தான் எதிர்க்கிறோம். அதை விட்ட நிலையிலேயே பத்திரப்படுத்த வேண்டும். கேட்டுக் கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்குத் திறந்துவிடலாம். இயந்திரத்தில் வார்த்தெடுக்கும் குரல் வேறு விவகாரம், பின்னால் அதற்கு வருகிறோம்.

முடிவை முதலிலேயே சொல்லக் காரணம் உண்டு. இந்தப் பேச்சு எங்கே எடுத்தாலும் 'அவர் இருந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்' என்ற ஒரே வாக்கியத்தில் முடிந்துவிடுகிறது. அதை மறுக்க உரிமையுள்ள ஒரே ஆள் சுவரில் மாலையோடு இருக்கிறார். அவருக்குப் பதிலாக யாராவது பேசியாக வேண்டும் என்பதால்தான் இந்த அறிக்கை.

நாங்கள் பெரிய பெயர்கள் இல்லை. கொரட்டூர், பாடி, பட்டரவாக்கம், அம்பத்தூர் பக்கம் குடியிருக்கும் கீபோர்டு, கிட்டார், தபேலா, ரிதம் பேட் கலைஞர்கள், மேடைப் பாடகர்கள், வடபழனி, சாலிகிராமம் பக்கம் போய் டிராக் பாடிவிட்டு வருகிறவர்கள். பாடி லூகாஸிலோ அம்பத்தூர் எஸ்டேட்டிலோ பகல் ஷிப்ட் பார்த்துவிட்டு, ஆடி மாதம் முழுக்க அம்மன் கோயில் மேடைகளில் விடிய விடிய வாசித்த தலைமுறை இன்னும் எங்களோடு இருக்கிறது. மேடையில் வாசிப்பதெல்லாம் மற்றவர்கள் பாட்டு. ஆனால் சொந்தமாக மெட்டுப் போட்டுப் பார்க்காத ஆள் எங்களில் குறைவு. போட்ட மெட்டில் பத்தில் ஒன்றுகூட வெளியே வந்திருக்காது. அதனாலேயே இந்தக் கேள்வி இளையராஜாவுக்கும் ரகுமானுக்கும் மட்டும் உரியது என்று எங்களால் ஒதுங்க முடியவில்லை.

அப்படி ஒருவர் மறைந்துவிட்டால் அவர் வீட்டில் என்ன கிடைக்கும் என்று எங்களுக்குத் தெரியும். ஹவுசிங் போர்டு வீட்டின் உள்ளறையில், பழைய வேட்டியால் மூடிய ஒரு கீபோர்டு. பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர். அதில் 'அம்மன் ஆல்பம்' என்றொரு ஃபோல்டர், அதற்குள் 'ஃபைனல்', 'ஃபைனல் 2', 'இதுதான் ஃபைனல்'. திறந்தால் பல்லவி மட்டும் இருக்கும்; சரணத்துக்கு இடம் விட்டுத் தாளம் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். நாதஸ்வரம் வர வேண்டிய இடத்தில் கீபோர்டில் உள்ள ஏதோ ஒரு டோன், பஸ் சீட்டில் துண்டு போட்டு இடம் பிடித்ததுபோல உட்கார்ந்திருக்கும். வரிகள் பெரும்பாலும் தத்தகாரம். இல்லாவிட்டால் மெட்டு மறக்காமலிருக்க வாய்க்கு வந்ததைப் போட்டுப் பாடிய டம்மி வரிகள், மளிகைக் கடைக்காரர் பெயரிலிருந்து மின்சார பில் வரைக்கும். செல்போனில் முனகிப் பதிந்தவை தனி. நடுவில் குக்கர் விசில் கேட்கும், ஆவடி போகும் யூனிட் வண்டி ஹாரன் கேட்கும். பாதியில் நிறுத்தி, "ம்ஹூம், இது வேணாம், வேற மாதிரி பண்ணணும்" என்று அவரே சொல்வதும் கேட்கும்.

வீட்டார் இதைக் கேட்டு அழுகிறார்கள், அழத்தான் செய்வார்கள். பிறகு யாராவது ஒரு உறவுக்காரப் பையன் வந்து, "இதை யூடியூபில் போட்டால் என்ன?" என்பான். நண்பர் ஒருவர், "அண்ணனுக்கு நான் செய்யாமல் யார் செய்வது? சரணம் நான் போடுகிறேன்" என்பார். இரண்டு பேர் மனதிலும் கள்ளம் இல்லை. ஆனால் "இது வேணாம்" என்று அந்தப் பதிவிலேயே ஒலிக்கும் குரலை வெட்டி எறிந்தால்தான் பாட்டு வெளியே போக முடியும். எடிட்டிங்கில் முதலில் போவது அவருடைய தீர்ப்பு.

'ஓகே' என்பதன் எடை பழைய ரெக்கார்டிங் பார்த்தவர்களுக்குத் தெரியும். அந்நாளில் ஏவி.எம்., பிரசாத் போன்ற கூடங்களில் பாடகர், கோரஸ், வயலின் வரிசை, தாள வாத்தியங்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் வாசித்தாக வேண்டும். ஒருவர் சறுக்கினால் மறுபடி முதலிலிருந்து. டேக் மேல் டேக் போகும். கடைசியில் இசையமைப்பாளர் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஓகே சொல்வார். அதுவரை அங்கே நடந்ததெல்லாம் முயற்சி, அதற்குப் பிறகுதான் பாட்டு. முந்தைய டேக்குகளில் ஏதோ ஒன்று நம் காதுக்கு இன்னும் நன்றாகக்கூட இருந்திருக்கலாம். அதை எடுத்துப் போட நமக்கு உரிமை இல்லை, ஏனென்றால் எதை விடுவது என்ற முடிவும் மெட்டுப் போடுவதன் பகுதிதான். பத்து மெட்டுப் போட்டு ஒன்பதைத் தள்ளுகிறவர் அந்த ஒன்பதாலும்தான் இசையமைப்பாளர்.

ஓகே ஆன பாட்டு விஷயத்தில் எங்களுக்கு ஒரு தயக்கமும் இல்லை. பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் 1959 அக்டோபர் 8 அன்று 29 வயதில் போய்விட்டார். பிள்ளைகளுக்குத் திருடாதே என்று அவர் எழுதிய பாட்டு, அதே பெயர் கொண்ட எம்.ஜி.ஆர். படத்தில் 1961இல்தான் வந்தது. கண்ணதாசன் 1981 அக்டோபர் 17இல் சிகாகோவில் கண்மூடினார். 'மூன்றாம் பிறை'யில் அவர் எழுதிய தாலாட்டு அடுத்த பிப்ரவரியில் திரைக்கு வந்தது. நா. முத்துக்குமார் 2016 ஆகஸ்டில் மறைந்தார், 'தரமணி' பாட்டுகளோடு படம் மறு ஆகஸ்டில் வெளியானது. எஸ்.பி.பி. 2020 செப்டம்பர் 25இல் போன பிறகு ஒரு வருடம் கழித்து 'அண்ணாத்த' தொடக்கப் பாட்டு வந்தபோது, மேடையில் அதை வாசித்த எங்கள் ஆட்களுக்குத் தொண்டை அடைத்தது. பவதாரிணி இசையமைத்த 'புயலில் ஒரு தோணி' படப் பாடல்களும் அவர் போன பின்தான் வந்தன. இவர்களெல்லாம் வேலையை முடித்துக் கொடுத்துவிட்டுப் போனவர்கள். தாமதமானது வெளியீடு மட்டும்.

முடியாததற்கு வருவோம். இதற்கு வழி காட்ட வெளியே தேட வேண்டியதில்லை, தமிழிலேயே ஆள் இருக்கிறார். உ.வே. சாமிநாதையர் 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்தபோது 267, 268ஆம் பாட்டுகள் கிடைக்கவே இல்லை. பல பாட்டுகளில் அடிகள் சிதைந்திருந்தன. சங்கச் செய்யுள் நடையில் நாலு அடி எழுதி இட்டு நிரப்ப அவரைவிடத் தகுதியான ஆள் அன்று யார்? அவர் புள்ளி வைத்தார். ஏடு அரித்த இடம் அச்சிலும் வெற்றிடமாகவே இருக்கட்டும் என்று விட்டார். இன்று வரை யாரும் அந்தப் புள்ளிகளைக் குறையாக நினைக்கவில்லை. இடைச்செருகல் என்ற வியாதி கம்பனைப் படுத்திய பாட்டைப் பார்த்தவர்களுக்கு அந்தப் புள்ளிகளின் அருமை இன்னும் புரியும்.

முடிக்காமல் போவது அவருக்கே நேர்ந்தது. ஆனந்த விகடனில் 1940 முதல் தொடராக எழுதிவந்த 'என் சரித்திரம்' முடியுமுன் 1942 ஏப்ரல் 28இல் ஐயர் மறைந்தார். கதை 1899 அளவில் நின்றுவிட்டது. மாணவர் கி.வா. ஜகந்நாதன் நிழல்போல உடனிருந்தவர், ஆசிரியரின் நடை அவருக்கு அத்துப்படி. அவர் அந்தப் புத்தகத்தில் ஒரு அத்தியாயமும் சேர்க்கவில்லை. விட்ட இடத்துக்குப் பிந்தைய வாழ்க்கையை 'என் ஆசிரியப்பிரான்' என்று தனி நூலாகத் தன் பெயரில் எழுதினார். மறைந்த அண்ணனின் மெட்டைத் தொடர விரும்பும் தம்பிகளுக்கு எங்கள் சங்கம் சொல்லும் வழியும் இதுதான். அந்த மெட்டு உங்களை ஆட்டிப் படைக்கிறதா? உங்கள் பாட்டைப் போடுங்கள், உங்கள் பெயரில் போடுங்கள், இன்னாருக்குக் காணிக்கை என்று கொட்டை எழுத்தில் போடுங்கள்.

இன்னொரு வழியும் தமிழில் உண்டு. கல்கி 1954 டிசம்பரில் மறைந்தபோது 'அமர தாரா' தொடர் பாதியில் நின்றது. அவர் எழுதி வைத்த குறிப்புகளைக் கொண்டு மகள் ஆனந்தி அதை முடித்தார். இதை நாங்கள் குறை சொல்லமாட்டோம். எழுதியவரின் குறிப்பு கையில் இருந்தது, எதிலிருந்து மகளின் கை என்பதும் வாசகருக்குத் தெரிந்தது. இந்த இரண்டும் இருக்கும் இசையில் அந்தக் குறிப்பையே எழுத்தில் தந்த அனுமதியாகக் கொள்வோம், அதற்கு எங்கள் எதிர்ப்பு இல்லை. ஆனால் எங்கள் தொழிலில் அப்படிக் குறிப்பு எழுதி வைக்கிறவர் யார்? எல்லாம் தலைக்குள் இருக்கும், தலையோடு போய்விடும்.

எங்கள் கூட்டத்தில் கர்நாடக சங்கீதம் முறையாகப் படித்த ஒரு மூத்த உறுப்பினர் ஒரு நல்ல எதிர்வாதம் வைத்தார். நம் சங்கீதத்தில் 'முடிந்த பாட்டு' என்று ஒன்று எப்போது இருந்தது? தியாகராஜர் பாடியதில் சிஷ்யர்கள் சங்கதி சேர்த்தார்கள், அவர்கள் சிஷ்யர்கள் மேலும் சேர்த்தார்கள். அருணாசலக் கவிராயரின் ராம நாடகக் கீர்த்தனைகளுக்குப் பழைய மெட்டு வழக்கொழிந்த பிறகு அரியக்குடி ராமாநுஜ ஐயங்கார் முதலானோர் புதிதாக மெட்டமைத்துத்தானே இன்று கச்சேரியில் கேட்கிறோம்? இப்போது மட்டும் என்ன புதுப் பத்தியம்?

நியாயமான கேள்வி. பதிலும் அதற்குள்ளேயே இருக்கிறது. தியாகராஜர் தம் கீர்த்தனைகளைத் தாமே சொல்லிக்கொடுத்துப் பாட வைத்தார். சிஷ்யருக்குப் பாடம் சொன்னதுதான் அவருடைய ஓகே. ராம நாடகத்துக்கு மெட்டு யாருடையது என்பது ஒளிவு மறைவு இல்லாமல் எல்லோருக்கும் தெரியும். சுப்பராம தீட்சிதர் 1904இல் எட்டயபுரத்தில் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி'யை அச்சேற்றியபோது முத்துசுவாமி தீட்சிதரின் உருப்படிகளை, தமக்கு வந்து சேர்ந்த பாடாந்தரப்படி கமகக் குறிகளோடு எழுதி வைத்தார். இவையெல்லாம் கணக்கு வழக்கு சரியாக இருக்கும் வேலைகள். கணக்கு இல்லாத இடத்தில் என்ன ஆனது? தியாகராஜர் முத்திரையைப் போட்டு வேறு யாரோ இயற்றிய கீர்த்தனைகள் எவை என்ற சண்டை இன்றும் ஓயவில்லை. ஊத்துக்காடு வேங்கட கவியின் பாடல்கள் இருபதாம் நூற்றாண்டில் நீடாமங்கலம் கிருஷ்ணமூர்த்தி பாகவதர் வழியாக வெளியுலகுக்கு வந்ததிலிருந்து, எவ்வளவு பழையது, எவ்வளவு பின்னால் சேர்ந்தது என்று வித்வான்கள் விவாதித்துக்கொண்டே இருக்கிறார்கள். பாட்டு அழகாக இருக்கிறது, யாரும் மறுக்கவில்லை. யாருடைய அழகு என்பதுதான் கேள்வி.

மேற்கிலும் இதே கூத்துதான். மோசார்ட் 1791 டிசம்பரில் இறந்தபோது 'ரெக்வியம்' அரைகுறையாக இருந்தது. பணம் மீதி வர வேண்டும், கடன் கழுத்தை நெரித்தது. மனைவி கான்ஸ்டான்ஸ் அதைச் சீடர் ஜூஸ்மையரைக் கொண்டு முடிக்கச் செய்து, முடித்தது வேறு ஆள் என்பதைச் சொல்லாமல் ஒப்படைத்தார். இருநூறு ஆண்டுக்கு மேலாகியும் எந்த சுரம் யாருடையது என்று அறிஞர்கள் பிரித்துக்கொண்டிருக்கிறார்கள். அதற்கு நேர் எதிராக, எங்களுக்குப் பிடித்த ஒரு இரவு உண்டு. புச்சினி முடிக்காமல் விட்ட 'துரந்தோ' ஓபரா 1926 ஏப்ரல் 25 அன்று மிலானில் முதன்முதலாக அரங்கேறியது. வேறொருவர் எழுதிச் சேர்த்த முடிவு தயாராக இருந்தும், நடத்துநர் டொஸ்கானினி புச்சினியின் கை நின்ற இடத்தில் இசையை நிறுத்திவிட்டுச் சபையோரிடம் அதைச் சொன்னார். சேர்த்த முடிவோடு வாசித்தது மறுநாள்களில்தான். உ.வே.சா. வைத்த புள்ளியை அவர் மேடையில் வைத்தார் என்போம்.

இன்னும் கறாரானவர்களும் உண்டு. ஏமி வைன்ஹவுஸ் 2011இல் இறந்த பிறகு அவருடைய டெமோ பதிவுகளை அழித்துவிட்டதாக அவரது இசை நிறுவனத்தின் பிரிட்டன் தலைவரே 2015இல் சொன்னார், பின்னால் யாரும் கை வைக்கக் கூடாது என்று. ஆங்கில நாவலாசிரியர் டெரி பிராட்செட்டின் ஹார்ட் டிஸ்க், முடியாத நாவல்களோடு, அவர் விருப்பப்படி 2017இல் நீராவி ரோடு ரோலர் ஏற்றி நசுக்கப்பட்டது. அமெரிக்கப் பாடகர் ஆண்டர்சன் பாக், தான் போன பிறகு தன் டெமோக்களை வெளியிடக் கூடாது என்று கையிலேயே பச்சை குத்தியிருக்கிறார். எங்கள் சங்கம் அழிக்கச் சொல்லவில்லை. அழிக்கும் உரிமை படைத்தவருக்கு மட்டுமே உண்டு, கம்பெனிக்குக் கிடையாது. ஆனால் பச்சை குத்திய மனிதரின் முன்யோசனை எங்களுக்குப் பிடித்திருக்கிறது.

இயந்திரக் குரல் விஷயம். தமிழ்த் திரையிசையில் 2024 இதற்கான ஆண்டு. ஜனவரியில் 'லால் சலாம்' படத்தின் 'திமிரி எழுடா' பாட்டில் 1997இல் மறைந்த சாகுல் ஹமீது, 2022இல் மறைந்த பம்பா பாக்யா இருவர் குரலையும் செயற்கை நுண்ணறிவால் உருவாக்கிப் பயன்படுத்தினார் ஏ.ஆர். ரகுமான். குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கி உரிய தொகையும் கொடுத்ததாக அவரே வெளிப்படையாகச் சொன்னார். ஜூனில் 'கோட்' படப் பாட்டில் பவதாரிணி குரல். 'வேட்டையன்' பாட்டில் மலேசியா வாசுதேவன் குரல், மகன் யுகேந்திரனும் கூடப் பாடினார். அதே ஆண்டு தொடக்கத்தில், 'கீடா கோலா' என்ற தெலுங்குப் படத்தில் கேட்காமலேயே தந்தை எஸ்.பி.பி.யின் குரலை உருவாக்கியதாக எஸ்.பி. சரண் வக்கீல் நோட்டீஸ் அனுப்பினார்.

பவதாரிணி விஷயத்தில் நாக்கை அடக்கித்தான் பேச வேண்டும். 'பாரதி' படப் பாட்டுக்காகத் தேசிய விருது வாங்கிய அந்தக் குரல் 2024 ஜனவரி 25இல் இலங்கையில் நின்றுபோனது, 47 வயதில். 'கோட்' பாட்டுக்கு மெட்டுப் போடும்போதே இது அக்காவுக்கானது என்று தோன்றியதையும், உடம்பு தேறி வந்ததும் பாட வைக்கலாம் என்று நினைத்திருந்ததையும், கொஞ்ச நேரத்திலேயே மரணச் செய்தி வந்ததையும் யுவன் சங்கர் ராஜா சொல்லியிருக்கிறார். தம்பியின் துக்கத்துக்கு நாங்கள் நீதிபதிகள் அல்ல. ஆனால் நிலைப்பாடு என்று வரும்போது ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: அது பவதாரிணி விட்டுப்போன பாட்டு அல்ல. அவர் அதைப் பாடவில்லை, மறுக்கவும் இல்லை, எந்த இடத்தில் மூச்சு வாங்குவது என்று தீர்மானிக்கவும் இல்லை. அது தம்பி அக்காவை நினைத்துச் செய்த பாட்டு. அப்படியே அழைக்கப்பட வேண்டும். அரைகுறையாகவாவது பாடி வைத்த ஒன்றைப் பற்றிய வாதமே வேறு. பாடவே பாடாத ஒன்றில் பாடகர் என்று பெயர் போடுவதை எங்களால் ஏற்க முடியவில்லை, குடும்பமே சம்மதித்தாலும்.

இதில் எங்கள் சொந்த வயிற்றுப்பாடும் இருக்கிறது, மறைக்கவில்லை. இறந்தவர் குரலில் பாட்டு வர வேண்டுமென்றால் பெரும்பாலும் உயிரோடு இருக்கும் ஒருவர் முதலில் முழுதாகப் பாடியாக வேண்டும். பாவம், பிருகா, தாளக் கட்டு எல்லாம் அவருடையவை; மேலே பூசுவது மட்டும்தான் மறைந்தவரின் குரல் நிறம். அந்த அடிக்குரல் யாருடையது? எங்களைப் போன்ற டிராக் பாடகருடையது. ஏற்கெனவே டிராக் பாடிவிட்டு, பெரிய பாடகர் வந்து பாடியதும் அழிந்துபோகும் குரல்கள் எங்களுடையவை. இப்போது இறந்தவர்களோடும் போட்டி. எனவே அத்தகைய பாட்டு எது வந்தாலும், அடியில் பாடியவர் பெயர் முதலிலும், 'இயந்திரத்தால் இன்னார் குரல் போலாக்கப்பட்டது' என்ற குறிப்பு அடுத்தும் வர வேண்டும் என்று கேட்கிறோம். எங்கள் உறுப்பினர்கள் பெயர் இல்லாமல் அந்த வேலைக்குப் போக மாட்டார்கள்.

பணம். கூட்டத்தில் அதிக நேரம் போனது இதில்தான், குரல் உயர்ந்ததும் இதில்தான். மேடைக் கலைஞருக்கு பி.எஃப். இல்லை, பென்ஷன் இல்லை. அவர் வீட்டில் இருப்பது அந்த ஹார்ட் டிஸ்க் ஒன்றுதான் என்றால், அதை விற்காதே என்று சொல்ல நாங்கள் யார் என்று ஒரு ரிதம் பேட் கலைஞர் கேட்டார். கான்ஸ்டான்ஸ் மோசார்ட்டின் நிலையும் அதுதானே? எங்கள் பதில் முழுத் திருப்தி தராது என்று தெரிந்தே சொல்கிறோம். பாதிப் பாட்டு பெரும்பாலும் பணம் தராது. பெயர் பெற்றவருக்குத் தரும், எங்களுக்குத் தராது. தருவது, வரவேண்டியதை வசூலிப்பது. 2012இல் காப்புரிமைச் சட்டத்தில் கொண்டுவந்த திருத்தப்படி, படத்திலோ ஒலிப்பதிவிலோ இடம்பெறும் பாட்டின் இசையமைப்பாளரும் பாடலாசிரியரும் தங்கள் ராயல்டிப் பங்கை சட்டப்படியான வாரிசுகளுக்கோ காப்புரிமைச் சங்கத்துக்கோ தவிர வேறு யாருக்கும் எழுதிக் கொடுக்க முடியாது. பல குடும்பங்களுக்கு, அந்த ராயல்டியை வசூலிக்கும் காப்புரிமைச் சங்கமான ஐ.பி.ஆர்.எஸ். என்ற பெயரே தெரியாது. பாடகர்களுக்கு, முன்பு இஸ்ரா என்றிருந்து இப்போது இஸாம்ரா எனப்படும் தனி அமைப்பு இருப்பதும் தெரியாது. முடிந்த பாட்டுகளுக்கான இந்தக் காகித வேலையைச் சங்கம் முன்னின்று செய்யும்.

சட்டத்தைப் பற்றி நம் ஆட்களிடையே இரண்டு தப்பெண்ணம் உண்டு. சீக்கிரம் வெளியிடாவிட்டால் உரிமை போய்விடும் என்பது ஒன்று. போகாது. இசையமைப்பாளரின் உரிமை சாதாரணமாக அவர் மறைவுக்குப் பின் 60 ஆண்டுகள். உயிரோடிருக்கும்போது வெளியிடாத படைப்பானால் அது முதன்முதலில் வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து அந்த 60 கணக்காகும். அவசரமே இல்லை. கம்ப்யூட்டர் வேறு, அதில் உள்ள பாட்டின் உரிமை வேறு என்பது மற்றொன்று. சட்டத்தின் 20ஆம் பிரிவு, வெளியிடப்படாத இசைப் படைப்பின் மூலப் பிரதியை உயிலில் ஒருவருக்கு எழுதி வைத்தால், வேறு எண்ணம் தெரிவிக்காத வரை காப்புரிமையும் அவருக்கே போய்ச் சேரும் என்கிறது. கையால் எழுதியிருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. "என் கீபோர்டும் சிஸ்டமும் தம்பிக்கு" என்று ஒரு வரி எழுதினால் எது எதெல்லாம் கூடவே போகலாம் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

சட்டம் கைவிடும் இடமும் இருக்கிறது. படைப்பைச் சிதைத்தால் 57ஆம் பிரிவின்படி வாரிசுகள் தடுக்கலாம். வாரிசே சிதைத்தால் யார் தடுப்பது? அரிஜித் சிங் குரலைப் போலிசெய்த கருவிகளுக்கு மும்பை உயர் நீதிமன்றம் 2024 ஜூலையில் தடை போட்டது, அவர் உயிரோடு இருக்கிறார். இறந்தவருக்கு? ஜெயலலிதாவின் வாழ்க்கைப் படம் பற்றி அவருடைய அண்ணன் மகள் தொடுத்த வழக்கில், ஒருவரின் அந்தரங்க உரிமையும் நற்பெயரும் வாரிசுச் சொத்தாக இறங்காது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2021இல் சொல்லிவிட்டது. ஆக, இறந்தவர் குரலுக்குக் காவல் இன்றைக்குப் பெரும்பாலும் நம் மனச்சாட்சிதான். சட்டம் வேண்டும் என்று கேட்கிறோம். பாடகரே வாழ்நாளில் எழுத்தில் தந்த சம்மதம் இல்லாமல் அவர் குரலை உருவாக்கக் கூடாது என்பது அந்தச் சட்டத்தில் இருக்க வேண்டும்.

எங்களை அதிகம் தடுமாற வைத்த எதிர்வாதம் பாரதி. 'சந்திரிகையின் கதை'யை முடிக்காமல்தான் 1921இல் போனார். முடியாதது வெளிவரக் கூடாது என்றிருந்தால் அது நமக்குக் கிடைத்திருக்குமா? கிடைத்திருக்காது, நமக்கு நஷ்டம்தான். ஆனால் அது நின்ற இடத்திலேயே நிற்கிறது. படிக்கிறவனுக்கு எங்கே பாரதி நின்றார் என்று தெரிகிறது. ஒலிப்பதிவில் அப்படித் தெரியாது. ஸ்ட்ரிங்ஸும் டிரம்ஸும் ஏற்றி மிக்ஸ் செய்துவிட்டால் தையல் மறைந்துவிடும். அதனால் எங்கள் நிலைப்பாட்டில் இந்த ஒரு கதவைத் திறந்து வைக்கிறோம்: கலைஞர் தடுத்திராவிட்டால், முடியாத பதிவை வெட்டாமல், ஒட்டாமல், குக்கர் விசிலோடு, 'முடிவடையாதது' என்ற குறிப்போடு ஆவணக் காப்பகத்தில் வைக்கலாம். தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் பழைய அச்சுகளையும் இசைத்தட்டுகளையும் காப்பதுபோல, மெல்லிசைக் கலைஞர்களின் பதிவுகளுக்கும் ஒரு இடம் வேண்டும். அது கிடைக்கும் வரை, குடும்பத்தார் விரும்பினால் ஹார்ட் டிஸ்க்கை நகல் எடுத்துச் சங்கமே வைத்திருக்கும். எந்தப் பதிவையும் யாருக்கும் விற்காது.

இந்த அறிக்கை ஒருமனதானது அல்ல. குடும்பத்தின் சொல்லே இறுதி என்று கருதும் உறுப்பினர்கள் சிலர் கையெழுத்திடவில்லை. அவர்கள் எங்களோடுதான் இருக்கிறார்கள்.

உறுப்பினர்களுக்கும், உறுப்பினர் அல்லாத கலைஞர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் பதிவுகளில் எது ஓகே, எது இல்லை, யார் தொடலாம், யார் தொடக் கூடாது, உங்கள் குரலை இயந்திரத்துக்குக் கொடுக்கலாமா என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். வீட்டில் சொல்லியும் வையுங்கள். முஸ்லிம் உறுப்பினர்களுக்கு அவர்களுடைய தனிச்சட்டம் பொருந்தும். மற்றவர்களுக்கு உயில் எழுத முத்திரைத்தாள் தேவையில்லை, பதிவு செய்வதும் கட்டாயமில்லை. வெள்ளைத் தாளில் எழுதி, நீங்கள் கையெழுத்திட்டு, இரண்டு சாட்சிகள் கையெழுத்திட்டால் போதும்.